முன் அழுக்கு, பின் அழுக்கு: சரக்குப் பெட்டியில் கிராஃபிட்டி டெக்கல் ஒட்டிய அனுபவம்

மாடல் ரயில் பெட்டியில் கிராஃபிட்டி டெக்கல் (ஸ்ப்ரே பெயிண்டில் எழுதின மாதிரி எழுத்து அச்சடித்த, தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்) ஒட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நனைத்து, நகர்த்தி இறக்கி, ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் முடிந்த பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரிதான் பெரும்பாலும் இருக்கும். எழுத்து தனி, பெட்டி தனி. இரண்டும் சேர்ந்து வெயிலும் மழையும் பட்டு ஓடின பெட்டி மாதிரி வருவதற்கு நான் என்னென்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். நாகர்கோவிலில் உட்கார்ந்து, இங்கே கடையில் கிடைக்கிற சாமானை வைத்து, இந்த ஊர் ஈரக்காற்றில் செய்தது. அதனால் அமெரிக்கக்காரர்கள் சொல்லும் செய்முறையில் வராத சில தொல்லைகளும் இதில் உண்டு.

பெட்டிகள் மூன்று. எல்லாமே எச்ஓ அளவு, 1:87, அதாவது நிஜப் பெட்டியில் 87இல் ஒரு பங்கு. ஒன்று பக்கவாட்டில் விலா எலும்பு மாதிரி பட்டைகள் வெளியே தெரியும் 50 அடி பாக்ஸ்கார் (மூடிய சரக்குப் பெட்டி), மாடலில் நீளம் பதினேழரை சென்டிமீட்டர் வரும். இன்னொன்று ஏசிஎஃப் கம்பெனியின் சென்டர்ஃப்ளோ ஹாப்பர் (மேலே கொட்டி, அடியில் திறந்து இறக்கும் பெட்டி), பக்கவாட்டு வளைந்து வழுவழுவென்று இருக்கும். மூன்றாவது கனடா அரசு தானியம் ஏற்றுவதற்காக வாங்கிவிட்ட உருளை ஹாப்பர். நம்மூர் வேகனில் ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். நாகர்கோவில் ஜங்ஷனில் நிற்கும் பிசிஎன் என்ற மூடிய சரக்குப் பெட்டிகளை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் இருப்பது பதினோரு இலக்க எண், வெற்று எடை, அடுத்த பராமரிப்பு எப்போது என்ற ஸ்டென்சில் எழுத்து, அப்புறம் லோடுமேன்கள் சாக்கட்டியில் போட்ட கணக்கு. ஸ்ப்ரே டப்பாவை வைத்து ஆள் உயரத்துக்கு எழுதும் பழக்கம் நம்ம சரக்குப் பெட்டிகளில் இல்லை. இல்லாததை ஒட்டினால் அது கற்பனை வண்டியாகிவிடும். சாக்கட்டி எழுத்துக்கு டெக்கல் தேவையே இல்லை, வெள்ளைப் பென்சிலைக் கூராகச் சீவி எழுதினாலே போதும்.

அமெரிக்கப் பெட்டி என்றால் எல்லாவற்றுக்கும் கிராஃபிட்டி பொருந்தும் என்றும் இல்லை. காலம் பார்க்கணும். 1970களில் நியூயார்க் சுரங்க ரயிலில்தான் இந்த ஸ்ப்ரே எழுத்து தழைத்தது. 1989 மே மாதத்தில், இனிமேல் எழுத்து இருக்கும் பெட்டி ஒன்றுகூட ஓடாது என்று அங்கே முடிவு கட்டினார்கள். எழுதினால் அன்றைக்கே கழுவிவிடுகிறார்கள் என்றானதும் எழுதுகிறவர்களில் பலர் சரக்கு யார்டு பக்கம் திரும்பினார்கள். சரக்குப் பெட்டியை யாரும் கழுவுவதில்லை. ஒரு ஊரில் எழுதினது அமெரிக்கா, கனடா, மெக்சிகோ எல்லாம் சுற்றும். ஆக, பெரிய வண்ண எழுத்து வேண்டும் என்றால் உங்கள் லேயவுட் (மாடல் ரயில் ஓடும் அமைப்பு) காட்டும் காலம் 1990க்குப் பிந்தையதாக இருப்பது நல்லது. 1960களின் லேயவுட் என்றால், ரயில்வே ஊழியர்களும் ஊர் ஊராகச் சுற்றியவர்களும் சாக்கட்டியிலும் எண்ணெய்ப் பெயிண்ட் குச்சியிலும் வரைந்த சின்னக் கோட்டோவியங்கள் மட்டும்தான். பெட்டியின் காலத்தைக் கண்டுபிடிக்க ரெண்டு அடையாளம் உண்டு. வண்ணக் கோடுகள் போட்ட ஒரு தகடு பக்கவாட்டில் இருந்தால், அது 1967 முதல் கொஞ்ச காலம் புழக்கத்தில் இருந்து, 70களின் கடைசியில் கைவிடப்பட்ட தானியங்கி அடையாளத் தகடு. கீழ் ஓரத்தில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் பட்டைகள் வரிசையாக இருந்தால் அது 2005 விதிமுறைக்குப் பிறகும் ஓடுகிற பெட்டி. நான் எடுத்த மூன்றிலும் மஞ்சள் பட்டை உண்டு, எனவே கவலை இல்லாமல் எழுதலாம்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் போகிகளை (சக்கரங்கள் மாட்டிய அடிச்சட்டங்களை) கழற்றி எடுத்து வையுங்கள். பெட்டியின் அடியில் ஒரு மரக்கட்டையை டபுள் டேப் போட்டு ஒட்டிவிட்டால் கையில் பிடிப்பதற்குக் கைப்பிடி ஆச்சு, பக்கவாட்டில் விரல் ரேகை படாது. பாத்திரம் கழுவும் சோப்பை ரெண்டு சொட்டு விட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடணும். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் டெக்கல் பிடிக்காது.

பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்திலேயே டெக்கலைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். நான் சொல்வது, கழுவினதும் அடுத்தது டெக்கல் இல்லை, அழுக்கு. ஒரு பெட்டி தயாரான அன்றே யாரும் வந்து அதில் எழுதுவதில்லை. பத்துப் பதினைந்து வருஷம் ஓடி, பெயிண்ட் வெளுத்து, துரு எட்டிப்பார்த்த பிறகுதான் எழுதுகிறார்கள். அந்தப் பழைய அழுக்கெல்லாம் எழுத்துக்கு அடியில் இருக்கணும். எழுதின பிறகு வந்த தூசியும், மழையில் வழிந்த துருவும் எழுத்துக்கு மேலே இருக்கணும். இந்த வரிசை சரியாக இருந்தால் சுமாரான டெக்கல்கூட நம்பும்படி இருக்கும். வரிசை தப்பினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கின டெக்கலாக இருந்தாலும் அந்த டிபன் பாக்ஸ் கதைதான்.

முன் அழுக்குக்கு நான் பயன்படுத்தினது பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு அக்ரிலிக் பெயிண்ட். தண்ணீராக நீர்த்துப் பக்கவாட்டு முழுக்க ஒரு பூச்சு, உடனே ஈரத் தட்டைப் பிரஷால் மேலிருந்து கீழே இழுத்து முக்கால்வாசியைத் துடைத்துவிட வேண்டும். மூலைகளிலும் விலா எலும்புகளின் ஓரத்திலும் கொஞ்சம் தங்கும். அது போதும். பாக்ஸ்காரின் கூரை ஓரத்தில் இருந்து மட்டும் நாலைந்து துருக் கோடுகள் இறக்கினேன். இந்தக் கோடுகள் பின்னால் எழுத்துக்கு அடியில் போய் மறைந்துவிடும், எழுத்து முடிகிற இடத்தில் கீழே மறுபடி தலை காட்டும். பார்க்கிறவர் கவனித்துச் சொல்லமாட்டார், ஆனால் கண்ணுக்கு அது போய்ச் சேரும்.

அடுத்தது பளபளப்புப் பூச்சு. மேட் (பளபளப்பில்லாத) பெயிண்டின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு. அதன் மேல் டெக்கலை ஒட்டினால் குழிகளில் காற்று மாட்டிக்கொண்டு காய்ந்த பிறகு வெள்ளி மாதிரி மினுங்கும். எனவே கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் அடித்தே ஆகணும். எங்கள் ஊர்த் தொல்லை இங்கே ஆரம்பம். ஆனி, ஆடிச் சாரலில் வீட்டுக்குள் ஈரப்பதம் 80க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அந்த நேரத்தில் ஸ்ப்ரே டப்பா லாக்கரை (வேகமாகக் காயும் வார்னிஷ்) அடித்தால் பளபளப்புக்குப் பதிலாகப் பால் ஊற்றினாற்போல் வெள்ளை படரும். லாக்கரில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் இறங்கி வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது. டப்பா கெட்டுப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். நான் லாக்கரை ஒதுக்கிவிட்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷை, காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவும் ஏர்பிரஷில் மெல்லிசாக மூன்று பூச்சு அடித்தேன். காய நேரம் எடுக்கும், ஆனால் வெள்ளை பூக்காது. லாக்கர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மழை விட்ட நாளில், உச்சி வெயில் நேரத்தில், பெட்டியையும் டப்பாவையும் கொஞ்ச நேரம் வெயிலில் வெதுவெதுப்பாக வைத்துவிட்டு அடியுங்கள். டப்பாவை வெதுவெதுப்புக்கு மேல் சூடாக விடக்கூடாது, வெடிக்கும்.

டெக்கல்கள் மைக்ரோஸ்கேல், பிளேர் லைன் என்ற இரண்டு கம்பெனியினதும் வைத்திருக்கிறேன். தண்ணீர் விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். வீட்டுப் போர்த் தண்ணீரில் உப்பு உண்டு, கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அந்தத் தண்ணீர் காய்ந்தால் டெக்கலைச் சுற்றி வெள்ளை வளையம் நிற்கும், வார்னிஷ் போட்டாலும் மறையாது. பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள், ஒரு பாட்டில் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். பிளேடுக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் இருக்கும் சர்ஜிக்கல் கடைகளில் 11ஆம் நம்பர் சர்ஜிக்கல் பிளேடு கேளுங்கள், கூடவே 3ஆம் நம்பர் கைப்பிடி. ஆன்லைனில் ஹாபி பிளேடு என்று விற்பதைவிட மலிவு, கூர்மையும் அதிகம்.

எழுத்தை ஒட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் படலத்தை எவ்வளவு நெருக்கமாக வெட்ட முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வெட்டிவிட வேண்டும். டுவீசரால் பிடித்துப் பத்துப் பதினைந்து வினாடி தண்ணீரில் முக்கி, எடுத்து டிஷ்யூ மேல் வையுங்கள். தண்ணீரிலேயே மிதக்க விட்டால் பசை கரைந்து போய்விடும். ஒரு நிமிஷத்தில் விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தால் காகிதத்தின் மேல் வழுக்கும், அப்போது தயார். பெட்டியில் ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் என்ற திரவத்தை ஒரு பூச்சு தடவி (வினிகர் வாசனை அடிக்கும், பயப்படவேண்டாம்) காகிதத்தை அந்த இடத்துக்கே கொண்டுபோய், டெக்கலை அங்கேயே வழுக்கி இறக்க வேண்டும். கையால் தூக்கி ஒட்ட நினைத்தால் அது தன் மேலேயே மடிந்துகொள்ளும். மடிந்தால் இழுக்காதீர்கள், மேலே தண்ணீர் விட்டு நனைத்து, பிரஷால் மெதுவாகத் தள்ளினால் தானே விரியும். இடம் சரியானதும் டிஷ்யூவின் ஓரத்தால் தண்ணீரை உறிஞ்சி, நடுவில் இருந்து ஓரத்துக்கு ஒற்றிக்கொண்டே வாருங்கள்.

சென்டர்ஃப்ளோவில் இது இவ்வளவுதான். பக்கவாட்டில் எலும்பு இல்லை, வளைவும் சீரானது. கிராஃபிட்டி எழுதுகிறவர்களுக்கு இந்தப் பெட்டி பிடிப்பதற்கும் அதுதான் காரணம். முதல் முறை செய்பவர்கள் இந்தப் பெட்டியில் ஆரம்பியுங்கள்.

பாக்ஸ்கார்தான் பெண்டு நிமிர்த்தியது. விலா எலும்பு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் வெளியே நிற்கிறது, ஆனால் டெக்கல் எலும்பின் முதுகில் ஏறி, அடுத்த எலும்புக்குக் கூடாரம் கட்டினாற்போல் நேராகப் போய்விடும், நடுவில் எல்லாம் காற்று. இதற்கு மைக்ரோ சால் என்ற இன்னொரு திரவம் வேண்டும். செட் ஒட்டவைக்கும், சால் படலத்தையே இளக வைக்கும். முதல் பூச்சு சால் தடவினதும் டெக்கல் மொத்தமும் கிழவியின் கை மாதிரி சுருங்கும். அந்த நேரத்தில் தொடவே கூடாது. மின்விசிறியை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுங்கள். காய்ந்து வரும்போது தானே இறுகி இறங்கும். பிறகு எலும்பின் இரண்டு பக்கத்து மூலையிலும் மேலிருந்து கீழே பிளேடின் நுனியால் கோடு கிழித்து, அந்தக் கீறலில் மறுபடி சால் விட்டால் அது உள்ளே போய்ப் படலத்தை மூலைக்கு இழுக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் காற்று நிற்கும் இடம் மினுங்கும். ஊசியால் குத்தி இன்னொரு சொட்டு. ஒரே நாளில் முடிக்கப் பார்க்கவேண்டாம். சில மூலைகளில் படலம் கிழிந்து பெட்டியின் நிறம் தெரியும். அது பாதகமில்லை, நிஜத்திலும் ஸ்ப்ரே ஒரு பக்கமிருந்து அடிக்கும்போது எலும்பின் மறுபக்கத்தில் படாமல் போகிற இடங்கள் உண்டு.

கதவும் அப்படித்தான். டெக்கல் கதவைக் கடந்து போனால் கதவின் இரண்டு ஓரத்திலும் வெட்டிவிட வேண்டும், நிஜக் கதவு நகரும் இல்லையா. கதவின் முன்னால் செங்குத்தாக நிற்கும் பூட்டுக் கம்பிகளின் மேல் டெக்கலை ஒட்டப் பார்ப்பது வெட்டி வேலை. டெக்கலைக் கம்பிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கம்பியின் மேல் அதே நிறத்தை மெல்லிய பிரஷால் தீட்டிவிட்டேன். கம்பிக்குப் பின்னால் கதவில் ஒரு சின்னக் கோடு பெயிண்ட் படாமல் விட்டால் இன்னும் அழகு, ஸ்ப்ரே அடித்தபோது கம்பி மறைத்த இடம் அது.

எங்கே ஒட்டுவது என்பதில் என் அக்கா மகன் ஒரு கேள்வி கேட்டான். பத்தாம் வகுப்பு படிக்கிறான், லீவுக்கு மார்த்தாண்டத்தில் இருந்து வந்திருந்தான். டெக்கலைப் பெட்டியின் மேல் பாதியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமா, அவ்வளவு ஒசரத்துல அவன் எப்பிடி எழுதுவான்? ஏணி கொண்டா வருவான்?" என்றான். ஸ்கேலை எடுத்துக் கணக்குப் போட்டோம். சுமாரான உயரம் உள்ள ஆள் கையைத் தூக்கினால் ஏழடி எட்டும், அதாவது 1:87ல் இரண்டரை சென்டிமீட்டர். அவன் நிற்பது தண்டவாளத்தின் மேலே இல்லை, கீழே ஜல்லியில். டப்பாவின் வீச்சையும் சேர்த்தால்கூட மூன்று சென்டிமீட்டருக்கு மேல் எழுத்து போகக்கூடாது. பெட்டியோ ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல் உயரம். எனவே சாதாரண எழுத்துகள் எல்லாம் கீழ்ப் பாதியிலேயே நிற்கணும். கூரை வரை போகும் முழுப்பெட்டி ஓவியங்கள் உண்டுதான், ஏணியும் நேரமும் கிடைத்தவர்கள் செய்தது. ஒரு ரயிலில் ஒன்று ரெண்டுக்கு மேல் வேண்டாம். இப்போது நான் அட்டையில் ஒரு ஆள் வெட்டி வைத்திருக்கிறேன், கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவன். டெக்கலை நனைப்பதற்கு முன்னால் அவனைப் பெட்டியின் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இன்னொன்று, பெட்டியின் எண்ணை மறைக்கக்கூடாது. பக்கவாட்டின் இடது பக்கம் கம்பெனியின் எழுத்துகளும் எண்ணும் இருக்கும், வலது பக்கம் அளவு விவரங்கள். எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். எண்ணை மறைத்தால் ரயில்வே உடனே பெயிண்ட் அடித்துவிடும், கூடவே ஓவியமும் போய்விடும்; எண்ணை விட்டுவைத்தால் வருஷக்கணக்கில் அப்படியே ஓடும். அதனால் டெக்கலில் எண் வரும் இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு ஒட்டினேன். மறைத்துவிட்ட பெட்டியும் ஒன்று வேண்டும் என்று ஆசையாக இருந்தால் ரயில்வே செய்ததையே செய்யுங்கள். எழுத்தின் மேல் மாஸ்கிங் டேப்பால் ஒரு செவ்வகம் கட்டி, பெட்டியின் நிறத்துக்குக் கொஞ்சம் பொருந்தாத புதுப் பழுப்பை அடித்து, அதற்கு மேல் புது எண் டெக்கல். வெளுத்த பெட்டி, அதன் மேல் எழுத்து, அதன் மேல் பளிச்சென்று ஒரு கட்டம். பாக்ஸ்காரின் ஒரு பக்கத்தில் அப்படிச் செய்தேன், மூன்று பெட்டியிலும் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

எழுத்துகளிலும் ஜாதி உண்டு. ஒரே நிறத்தில் சரசரவென்று போடும் கையெழுத்து டேக். உப்பின எழுத்து, உள்ளே ஒரு நிறம் ஓரத்தில் ஒரு நிறம், அது த்ரோ-அப். பல நிறத்தில் நிதானமாகச் செய்தது பீஸ். டேக் மேல் த்ரோ-அப் வரலாம், த்ரோ-அப் மேல் பீஸ் வரலாம். பெரிய பீஸின் நடுவில் ஒருத்தன் டேக் போட்டால் அது வம்பு. நமக்கு இது புதுசு இல்லை. தேர்தலுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே சுவருக்கு வெள்ளையடித்து, கட்சிப் பெயரையும் வருஷத்தையும் போட்டு இடம் பிடித்து வைக்கிறவர்கள்தானே நாம், அதில் இன்னொரு கட்சிக்காரன் எழுதினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக டெக்கலை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும்போது அடியில் சின்னது, மேலே பெரியது. அடியில் இருப்பது அதிகம் வெளுத்திருக்கணும். அதற்கு, முதல் டெக்கலை ஒட்டி, மங்க வைத்து, மறுபடி அந்த இடத்துக்கு மட்டும் கிளாஸ் அடித்து, அதற்கு மேல் இரண்டாவது. வேலை இரட்டிப்புதான், வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

தக்கலையில் சுவர் எழுத்து எழுதும் அண்ணன் ஒருவர் உண்டு, பிளெக்ஸ் வந்து பாதி வேலை போன பிறகும் பிரஷை விடாதவர். அவரிடம் சென்டர்ஃப்ளோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாத்தான் தம்பி இருக்கு. ஆனா ஸ்ப்ரே அடிச்ச பெயிண்டு இப்பிடி வெட்டி வெச்ச மாதிரியா நிக்கும்? ஓரத்துல கொஞ்சம் பரவும், ஒரே எடத்துல கை நின்னா வடியும்" என்றார். அச்சான டெக்கலில் இதுதான் குறை. வீட்டுக்கு வந்து, எழுத்தின் அடி ஓரத்தில் அதே நிறத்தை மைபோல நீர்த்து, மூன்று பூஜ்யப் (000 நம்பர்) மெல்லிய பிரஷால் நாலைந்து வடிசல்கள் இறக்கினேன். எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கக்கூடாது, ஒன்று நீளமாக, ரெண்டு குட்டையாக, அவ்வளவுதான். ஓரம் பரவுவதற்கு ஏர்பிரஷைத் தூரத்தில் பிடித்து அதே நிறத்தில் ஒரு புகை. படம் எடுத்து அனுப்பினதற்குக் கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

கனடா ஹாப்பருக்கு வாங்கின டெக்கல் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். தமிழில் ஒரு த்ரோ-அப். டொரன்டோ பக்கம் இவ்வளவு தமிழர்கள் இருக்கும்போது அவர்கள் வீட்டுப் பையன் ஒருத்தன் யார்டுக்குள் நுழைந்து எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் கற்பனை. என்ன எழுதுவது என்பதில் விவாதமே இல்லை, "மக்கா". இதை எழுதின பையன் நாஞ்சில் நாட்டில் இருந்து போனவன் என்று வைத்துக்கொள்ளுங்கள், யாழ்ப்பாணத்தவன் இப்படி எழுதமாட்டான்.

தமிழ் எழுத்தை உப்ப வைப்பது இங்கிலீஷ் எழுத்தைவிட எளுப்பம் என்று நினைத்தேன், வளைவுதானே எல்லாம். க் எழுத்தில் வளைவு சரியாகவே வந்தது, ஆனால் உள்ளே இருக்கும் ஓட்டைகள் உப்பலில் அடைந்துபோய் என்ன எழுத்து என்றே தெரியவில்லை. ஓட்டையைச் சின்னக் கண்ணீர்த்துளி அளவுக்கு மட்டும் விட்டு, புள்ளியைப் பந்தாகத் தூக்கி ம மேல் பாதி சாய்த்து வைத்ததும்தான் படிக்க முடிந்தது. கடைசி கால் எழுத்தைக் கீழே நீட்டி மொத்தச் சொல்லுக்கும் அடிக்கோடாக இழுத்தது மருமகனின் யோசனை.

சாதாரண லேசர் பிரின்டர் வெள்ளை நிறத்தை அச்சடிக்காது. கண்ணாடி டெக்கல் தாளில் மஞ்சள் எழுத்தை அடித்து இருண்ட பெட்டியில் ஒட்டினால் மஞ்சள் எங்கே என்று தேடவேண்டியதுதான். எனவே வெள்ளை டெக்கல் தாள். இன்க்ஜெட்டில் அடித்தால் தண்ணீரில் போடுமுன் மேலே வார்னிஷ் அடித்து மூடவேண்டும், இல்லாவிட்டால் மை கரைந்து ஓடும். லேசருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் இந்தத் தாளை மெஷினில் போட எந்தக் கடைக்காரரும் எளிதில் ஒத்துக்கொள்வதில்லை, உள்ளே சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். பயம் நியாயமானதுதான். லேசருக்கு என்றே செய்த தாள் என்று உறையில் அச்சடித்திருப்பதைக் காட்டிப் பேசினதும் வடசேரியில் ஒரு கடையில் சம்மதித்தார்கள். வெள்ளைத் தாளில் இன்னொரு கஷ்டம், எழுத்தின் விளிம்பிலேயே வெட்டணும், ஒரு மயிரிழை விட்டாலும் வெள்ளைக் கோடு தெரியும். வெட்டி முடித்த பிறகு ஓரத்தைச் சுற்றிக் கறுப்பு மார்க்கரால் ஒருமுறை தொட்டுக்கொண்டு வந்தால் அந்தக் கோடு மறையும். வெள்ளைத் தாள் தடிமன் அதிகம், மைக்ரோ சாலுக்கும் அவ்வளவாக மசியாது. உருளை ஹாப்பர் வழுவழு என்பதால் தப்பித்தோம், பாக்ஸ்காரில் இது நடக்காது.

எல்லாம் காய்ந்த பிறகு ஈரத் துணியால் பசைக் கறையைத் துடைத்து, ஒரு பூச்சு வார்னிஷ் போட்டு மூடிவிட வேண்டும். இனிமேல்தான் பின் அழுக்கு. முதலில் வெளுக்கவைத்தல். வெள்ளையில் பெட்டியின் நிறம் ஒரு சொட்டு கலந்து, பத்துப் பங்கு தண்ணீராக நீர்த்து, ஏர்பிரஷில் ஒரு புகை மாதிரி. ஏர்பிரஷ் இல்லாதவர்கள் வெள்ளை சாஃப்ட் பாஸ்டலைப் பிளேடால் சுரண்டிப் பொடியாக்கி, தட்டைப் பிரஷால் தேய்க்கலாம். போதும் என்று தோன்றும் இடத்துக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்துங்கள். அடுத்தது துரு. வார்னிஷ் முழுசாகக் காய்ந்த பிறகு, எழுத்துக்கு மேலே இருக்கும் ரிவெட், கீறல் இந்த இடங்களில் ஆயில் பெயிண்டை ஊசி முனையளவு வைத்து, டர்பன்டைனில் தொட்டுப் பிழிந்த பிரஷால் நேராகக் கீழே இழுத்தேன். இந்தக் கோடு எழுத்தின் மேல் ஏறி இறங்கும். முன்னால் போட்ட துரு எழுத்துக்கு அடியில் போகிறது, இப்போது போட்டது மேலே வருகிறது, இடையில் எழுத்து மாட்டிக்கொள்கிறது. எல்லாக் கோட்டையும் எழுத்தின் மேல் இறக்கவேண்டாம், ரெண்டு மூணு போதும். கடைசியில் அடிப்பகுதியில் சக்கரம் தெறித்த தூசி, பழுப்பு பாஸ்டல் பொடி.

மேட் வார்னிஷ் பாஸ்டல் பொடியைத் தின்றுவிடும், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடித்து முடித்துப் பார்த்தால் போட்ட தூசியில் பாதி காணாமல் போயிருக்கும். அதனால் கண்ணுக்குக் கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டு வார்னிஷ் அடிக்கவேண்டும், அல்லது அடிக்கடி கையில் எடுக்காத பெட்டி என்றால் கடைசித் தூசியை மூடாமல் அப்படியே விடலாம். நான் பாக்ஸ்காருக்கு மூடினேன், ஹாப்பர்கள் ரெண்டுக்கும் மூடவில்லை. ஸ்ப்ரே டப்பா மேட் லாக்கரையும் சாரல் நாளில் அடிக்காதீர்கள், கிளாஸ் லாக்கருக்குச் சொன்ன அதே காரணம்.

மிச்சம் இருக்கும் டெக்கல் தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. உறையைப் பிரித்துவிட்டால் இந்த ஊரில் ஒரு மழைக்காலம் போதும், பசை தாளோடு ஒட்டிக்கொள்ளும் அல்லது பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து சேர்த்துப் போட்டு வைத்திருக்கிறேன். பழசாகிப் படலம் வெடித்த தாள் என்றால் ஒரு ஓரத்துத் துண்டை முதலில் நனைத்துப் பாருங்கள். தண்ணீரில் துண்டு துண்டாகப் பிரிந்தால் தாளைத் தூக்கிப்போட வேண்டாம், மைக்ரோஸ்கேலின் லிக்விட் டெக்கல் ஃபில்ம் ஒரு பூச்சு மேலே தடவிக் காயவைத்தால் மறுபடி ஒரே படலமாகிவிடும், ஆனால் அதற்குப் பிறகு எழுத்தின் ஓரத்தை ஒட்டி நாமேதான் வெட்டிக்கொள்ள வேண்டும்.